பத்து என்று சொல்லும் உரிமை

1

பேய்க் கதைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மிடையே வழக்கமாக இரண்டு எதிர்வினைகள் எழுகின்றன. ஒன்று, பகுத்தறிவின் பேரால் வரும் சிரிப்பு. மற்றது, ‘நாட்டார் மரபு’ என்று பெயர் சூட்டி எதையும் பொக்கிஷமாக்கிவிடும் பரவசம். முதலாமவருக்குப் பேய் கிடையாது. ஆகவே கதையும் கிடையாது. இரண்டாமவருக்குக் கதை அழகாக இருக்கிறது. ஆகவே பேய் எதற்காக வந்தது என்று விசாரிக்க அவசியமில்லை. பேய் சொல்ல வந்ததைக் கேட்பதில்லை என்ற விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டவர்கள்.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. 1919இல் ஃபிராய்ட் எழுதிய பிரசித்தமான கட்டுரையைப் படித்தவர்கள், பேய் என்பது மனத்தில் அமுக்கிவைத்த ஒன்றின் மீள்வருகை என்பார்கள். முன்னிரண்டைவிட இது மேலானது. ஆனால் இதிலும் பிரச்னையாவது பயப்படுகிறவனின் மனம்தான். செத்தவளின் வழக்கு அல்ல. பயப்படுகிறவனுக்கு வைத்தியம் கிடைத்துவிடுகிறது. செத்தவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

எல்லாப் பேய்களும் ஒரு ஜாதியல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியக் கதைகளில் வரும் பனிப்பெண்ணும் நம் சதுப்புநிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசும், இயற்கையின் ஆபத்துகளுக்கு மனிதன் வரைந்து வைத்த முகங்கள். அவற்றுக்கு நம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. நான் பேச விரும்புவது வேறொரு வகையை — திரும்பி வருகிற பேயை. அது ஒரு காலத்தில் நம்மில் ஒருவராக இருந்தது; ஏதோ ஒன்று தீராமல் போனதால் வருகிறது. தொழில்தோஷமாகக்கூட இருக்கலாம், எனக்கு அது தீமையின் உருவமாகப் படவில்லை, வசூலாகாத பாத்தியதையாகப் படுகிறது.

பாத்தியதை விஷயத்தில் சட்டத்துக்கே ஒரு மனம் கிடையாது. கடன் கொடுத்தவன் அதை வழக்காடி வசூலிக்க, 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பொதுவாக 3 ஆண்டுகள் அவகாசம். அதற்குப் பின் கோர்ட் அவனுக்குக் காது கொடுக்காது. ஆனால் 10 ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடக்கும் டெபாசிட்டை, 2014இலிருந்து, ரிசர்வ் வங்கியின் தனி நிதியொன்றுக்கு மாற்றிவிடுகிறோம். வாரிசு என்று ஒருவர் எத்தனை வருஷம் கழித்து வந்து கேட்டாலும் திருப்பித் தரவேண்டும். முதலாவதில் காலம் கடனைக் கொன்றுவிடுகிறது. இரண்டாவதில் காலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. பேய்க் கதைகள் இந்த இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவை. அவை எழுப்பும் கேள்வி எளிமையானது, ஆனால் தத்துவவாதிகளையும் திணற வைப்பது: அநீதி இழைக்கப்பட்டவர் செத்துப்போனபின் அதை யார் ஈடுசெய்வது? மன்னிக்கவோ ஏற்றுக்கொள்ளவோ உரிமையுள்ள ஒரே நபர் இல்லாமல் போனபின், தீர்த்துவிட்டேன் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை?

2

ஜப்பானிய வேலைக்காரி ஒகிகுவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பல வடிவங்கள் வழங்குகின்றன. ஒஸாகாவில் 1741இல் பொம்மலாட்ட நாடகமாகவே ஆடப்பட்டிருக்கிறது. ஹிமேஜி கோட்டையில் அவளுடைய கிணறு என்று இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். பரவலாகத் தெரிந்த எடோ வடிவத்தில், அவள் அவோயாமா என்ற சாமுராய் வீட்டில் வேலைக்கிருப்பவள். அவனது ஆசைக்கு இணங்க மறுக்கிறாள். குடும்பச் சொத்தான பத்துத் தட்டுகளைக் காக்கும் பொறுப்பு அவளுடையது. அதில் ஒன்றை அவனே ஒளித்துவைத்துவிட்டு, திருடியவள் என்று குற்றம் சாட்டிக் கொன்று கிணற்றில் போடுகிறான். அன்றிலிருந்து ராத்திரிதோறும் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணும் சத்தம் கேட்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை வரும். பிறகு ஒரு அலறல்.

இந்தப் பேயிடம் நான் கவனிப்பது அதன் ஒழுங்கை. அது கழுத்தை நெரிக்கவில்லை, எண்ணுகிறது. தன்னைக் கொன்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்மேல் சுமத்திய பொய்க் கணக்கைச் சரிபார்த்தபடியே இருக்கிறது. 1830களின் தொடக்கத்தில் ஹொக்குஸாய் வரைந்த படத்தில் ஒகிகுவின் நீண்ட கழுத்தே தட்டுகளால் ஆகியிருக்கிறது. குற்றச்சாட்டே அவள் உடம்பாகிவிட்டது. ஏழைகளுக்கு நேரும் அநீதி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அவர்கள் உயிரை எடுக்குமுன் அவர்கள் கணக்கைத் தப்பாக்கவேண்டியிருக்கிறது.

கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று, ஜப்பானியரின் ராகுகோ என்ற நகைச்சுவைக் கதைசொல்லலில் வருவது. ஒகிகு பிரபலமாகிவிடுகிறாள். ஒன்பது வரை கேட்டவன் செத்துப்போவான் என்று பேச்சு. எனவே ஜனங்கள் கூட்டமாக வந்து ஆறு, ஏழு வரை கேட்டு ரசித்துவிட்டு ஓடிப்போகிறார்கள். ஒரு நாள் நெரிசலில் யாராலும் ஓட முடியவில்லை. அவள் ஒன்பதைத் தாண்டிப் பதினெட்டு வரை எண்ணிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், ஜலதோஷம், நாளைக்கு லீவு, அதனால் இன்றைக்கே சேர்த்து எண்ணிவிட்டேன் என்கிறாள். ஆபீஸில் வேலை பார்க்கும் யாரும் இதற்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சிரிப்பு அடங்கியபின் அந்தக் கூட்டம் நினைவில் நிற்கிறது. ஆறுவரை கேட்டு ரசிப்பவர்கள். ஒன்பது ஆபத்தானது என்று தெரிந்து விலகுபவர்கள். நாட்டார் கதைகளின் ரசிகர்களான நம்மையும் அந்தக் கூட்டத்தில் எங்கோ பார்க்கமுடிகிறது.

இன்னொரு முடிவு, மிட்ஃபர்ட் 1871இல் ஜப்பானியக் கதைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் குறிப்பாக வருகிறது. பௌத்தத் துறவி ஒருவர் ராத்திரி கிணற்றடியில் காத்திருக்கிறார். அவள் ஒன்பது என்று சொல்லி முடித்த கணத்தில் ‘பத்து’ என்று கத்துகிறார். பேய் அடங்கிவிடுகிறது.

இந்த ‘பத்து’தான் என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. ஏனென்றால் அது பொய். பத்தாவது தட்டு அங்கே இல்லை. நாள் முடிவில் ரொக்கம் நேராகாவிட்டால் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு அன்றையக் கணக்கை முடித்து வீட்டுக்குப் போவோம். தொகை நேராகிவிடும். தவறு எங்கே என்பது அப்படியே இருக்கும். துறவி செய்ததும் இதுதானா? கொலைகாரனைத் தொடாமல், கொலையைப் பேசாமல், செத்தவளைச் சத்தமின்றி அனுப்பிவைக்கும் காரியமா? அல்லது, வேறெதுவும் சாத்தியமில்லாதபோது ஒரு மனிதன் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய கடைசிக் கருணையா? ஜப்பானியக் கதை இதற்குப் பதில் தரவில்லை. பதிலைத் தேடிக்கொண்டு நம் ஊர்ப் பேய் ஒன்றிடம் வருகிறேன்.

3

பழையனூர் நீலியின் கதை தொண்டைநாட்டில் ஒருவிதமாகவும் தென்குமரி வில்லுப்பாட்டில் வேறுவிதமாகவும் வழங்குகிறது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதற்குக் குறிப்பு இருப்பதாகக் கொள்வது மரபு. எலும்புக்கூடு ஒன்றுதான். நம்பி உடன் வந்த பெண்ணை ஒருவன் வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் செட்டியாகப் பிறக்கிறான். அவள் நீலிப் பேயாகத் தொடர்கிறாள். தற்காப்புக்கென்று அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. அது கையிலிருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. எனவே அவன் மனைவி வடிவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபைக்கு அழுதுகொண்டே வருகிறாள். என் புருஷன் என்னைக் கைவிடுகிறான் என்கிறாள். இது என் மனைவியல்ல, பேய் என்கிறான் அவன். குழந்தை அப்பா என்று அவனிடம் தாவுகிறது. சபைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கத்தியை வாங்கிவைத்துக்கொண்டு இருவரையும் ஒரே அறையில் தங்க வைக்கிறார்கள். உனக்கு ஏதும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவோம் என்று பிணை கொடுக்கிறார்கள். காலையில் அவன் குடல் கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்கிறார்கள்.

மரபு இதை வாய்மைக் கதையாகவே கொண்டாடி வந்திருக்கிறது. தீப்பாய்ந்தவர்களுக்கு அங்கே நினைவு மண்டபம் உண்டு. அவர்கள் நேர்மையைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் தவணை நின்ற மறுநாள் முகம் கொடுக்காமல் போவதைப் பார்த்துப் பழகியவன் நான். எழுபது பேர் பிணைக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது எனக்குச் சாதாரண விஷயமல்ல.

ஆனால் வழக்கின் அமைப்பைப் பாருங்கள். நீலி கொண்டுவரும் ஆதாரம் முழுக்கப் பொய்: உருவம் பொய், குழந்தை பொய், கண்ணீர் பொய். அவள் கோருவதோ முழுக்க உண்மை: இவன் என்னைக் கொன்றவன். செட்டி சொல்வது அட்சர சுத்தமான உண்மை: இது பேய், என் மனைவியல்ல. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அவனே மறந்துவிட்ட ஒரு கொலை இருக்கிறது. பொய்ச் சாட்சியோடு மெய்யான வழக்கு ஒருபுறம், மெய்ச் சாட்சியோடு பொய்யான நிரபராதம் மறுபுறம். எந்தப் பஞ்சாயத்தால் இதில் சரியான தீர்ப்புச் சொல்ல முடியும்?

அவர்களால் முடிந்தது ஒன்று இருந்தது. நீலியை ஏன் அழுகிறாய் என்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கலாம். அவள் தன் உண்மையான வழக்கைச் சொல்லக்கூடிய சபை எங்குமே கிடையாது என்பதுதான் அவளை வேஷம் போடவைத்தது. கொலையுண்டவள் என்று வந்தால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். கைவிடப்பட்ட மனைவி என்று வந்தால் திறப்பார்கள். சபைக்குப் புரிகிற ஒரே பாஷையில் அவள் பேசினாள். சபை தனக்குப் பழக்கமான தீர்ப்பை — புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருங்கள் — சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. ஒரு வாழும் பெண்ணுக்கும் அதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும். அறைக்குள் செத்துக் கிடப்பது வேறொருவராக இருந்திருக்கும், அவ்வளவே.

பிறகு பாஷையே ஒரு தீர்ப்பு எழுதியது. நம்மிடம் இன்றும் வழங்கும் ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்லைச் சொல்கிறேன். கொலையுண்ட பெண்ணின் கண்ணீர், பாசாங்குக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது. கொன்றவன் பெயரில் ஒரு சொல்லும் இல்லை. கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தெரியாது.

4

ஒகிகு கதையின் துறவி, நீலி கதையின் எழுபது பேர் — இவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரியவருகிறது. இந்தக் கதைகளில் குற்றவாளியும் செத்தவரும் மட்டும் இல்லை. மூன்றாவது மனிதன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். கதையின் நைதிக பாரம் உண்மையில் அவன்மேல்தான் விழுகிறது.

கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 154ஆவதாக உள்ள மிகச் சிறிய கதை. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வருகிறான். மதியம் பன்னிரண்டு மணி அடிக்கும்போது வெள்ளை உடுத்திய வெளிறிய குழந்தை ஒன்று உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் பக்கத்து அறைக்குள் போகிறது, திரும்பி வெளியேறுகிறது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. தகப்பனிடம் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறான். விருந்தாளி கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறான். குழந்தை தரையில் உட்கார்ந்து பலகைகளின் இடுக்கை விரலால் நோண்டிக்கொண்டிருக்கிறது. அடையாளம் சொன்னதும் தாய்க்குப் புரிகிறது: நாலு வாரத்துக்குமுன் செத்த குழந்தை. பலகையைப் பெயர்த்தால் இரண்டு காசுகள். ஒரு ஏழைக்குக் கொடு என்று தாய் தந்ததை, தின்பண்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒளித்துவைத்திருக்கிறது. காசை ஒரு ஏழைக்குக் கொடுத்தார்கள். பிறகு குழந்தை வரவில்லை.

இதில் கொலை இல்லை, ரத்தம் இல்லை. இரண்டு காசுக்குக் கல்லறையிலிருந்து எழுந்துவரும் ஒரு குழந்தை. நான் படித்தவற்றில் இதைவிட பயங்கரமான கதை குறைவு. (1812இன் முதல் பதிப்பில் வந்த, குழந்தைகள் கசாப்பு விளையாடிய கதையைப் பின்னர் எடுத்துவிட்ட கிரிம்களுக்கு இதை எடுக்கத் தோன்றவில்லை, நீதிக்கதை என்று நினைத்திருக்கலாம்.) கவனிக்க வேண்டியது, பெற்றவர்களுக்குக் குழந்தை கண்ணில் படவில்லை என்பது. துக்கம் அவர்களுடையது, பார்வை அந்நியனுடையது. அவன் செய்தது பெரிய காரியமுமல்ல. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தான்.

நன்றியுள்ள பிணம் என்று ஐரோப்பியக் கதையாராய்ச்சியாளர்கள் பெயரிட்ட கதைவகை இன்னும் தெளிவானது. ஜெரூல்ட் 1908இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கடன்காரர்கள் ஒரு பிணத்தைப் புதைக்கவிடாமல் தடுக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன், செத்தவன் யாரென்று தெரியாமலே, கையிலிருப்பதைக் கொடுத்துக் கடனை அடைத்துப் புதைக்கிறான். பிறகு வழித்துணையாக ஒருவன் வந்து சேர்ந்து அவனைக் காப்பாற்றுகிறான். முடிவில் நான்தான் அந்தப் பிணம் என்று சொல்லி மறைகிறான். ஆண்டர்சன் 1835இல் இதைத் திரும்பச் சொன்னார். சிசரோ சொல்லும் சைமனிடீஸ் கதையிலும் இதன் சாயை உண்டு: கவிஞன் யாரோ ஒருவனின் உடலைப் புதைத்தான், அந்த ஆவி கப்பலேறாதே என்று எச்சரித்தது, கப்பல் மூழ்கியது. முடிவில் கிடைக்கும் பலன் கதையின் இனிப்பு. அதை நீக்கினால் மிஞ்சுவது இது: தனக்குச் சம்பந்தமில்லாத கடனை, சம்பந்தமில்லாததாலேயே, ஒருவன் தீர்க்க முடிகிறது.

இப்போது துறவியின் ‘பத்து’ எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. அவர் ராத்திரி கிணற்றடிக்குப் போனார். மற்றவர்கள் ஓடிப்போகிற ஆறாவது எண்ணில் அவர் ஓடவில்லை. ஒன்பதையும் கேட்டார். விருந்தாளி இடுக்கு வழியாகப் பார்த்தான். வழிப்போக்கன் பிணத்தைத் தொட்டுப் புதைத்தான். பழையனூரில் மட்டும் கதவைச் சாத்தினார்கள். தீர்ப்பு சரியா தவறா என்பதல்ல வித்தியாசம். கேட்டபின் முடித்துவைப்பதா, கேட்காமலிருப்பதற்காக முடித்துவைப்பதா என்பதுதான். துறவி சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். ஒன்பதையும் கேட்டவன் சொன்ன பொய் அது. கேட்காதவன் சொல்லியிருந்தால் அதே சொல் ஒரு மோசடி.

5

இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை நேராக முடிந்திருக்கும். ஆனால் வேறு நாட்டுப் பேய்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எங்கள் வீட்டில் ஒருத்தி இருப்பதைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது.

தெற்கே பல குடும்பங்களில் போல எங்களுக்கும் வீட்டுத் தெய்வமாக ஒரு கன்னி உண்டு. கல்யாணமாகாமல் செத்தவள். என் தாத்தாவின் தங்கை. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுச் சிற்றாடையும் வளையலும் வாங்கி, உள்ளறையிலுள்ள ஓலைப்பெட்டியில் வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுவோம். முந்தின வருஷத்துத் துணியை வீட்டுப் பெண்பிள்ளை ஒன்றுக்குக் கொடுப்பது வழக்கம். சின்ன வயதில் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித்தருவது என் வேலை. பயமாக இருக்காது. அவள் எங்களைக் காப்பவள் என்றே சொல்லி வளர்த்தார்கள்.

காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் எப்படிச் செத்தாள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “தண்ணி எடுக்கப் போனா. கால் வழுக்கிட்டு” என்றாள். கிணற்றில் சுற்றுச்சுவர் உண்டே பெரியம்மா என்றேன். அப்போது இருந்ததோ என்னவோ என்றாள். வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு தையில் மறுபடியும் கேட்டேன். பெரியம்மா சிற்றாடையை மடித்துக்கொண்டிருந்தாள். “இப்பம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது. அதான் வருஷா வருஷம் துணி வைக்கமே” என்றாள். குரலில் கோபம் இல்லை. செலுத்தியாகிவிட்ட தவணைக்கு ரசீது காட்டுகிறவளைப் போல இருந்தது.

எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. உண்மையிலேயே கால் வழுக்கியும் இருக்கலாம். ஆனால் அந்தத் துணி எதற்கான பதில் என்பது அன்று தெரிந்துவிட்டது. எங்கள் குடும்பம் எடுத்த எடுப்பிலேயே பத்து என்று சொல்லிவிட்டது. அவள் ஒன்று என்று ஆரம்பிக்குமுன்பே. தெற்கத்திக் கிராம தெய்வங்களில் கொலையுண்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன். கும்பிடுவது நினைவுகூர்தல் என்று இதுவரை நம்பியிருந்தேன். விசாரணையை நிறுத்திவைக்கும் வழியாகவும் அது இருக்கமுடியும். தெய்வமாக்கப்பட்டவளிடம் நாம் வேண்டிக்கொள்ளலாம். அவள் நம்மிடம் ஒன்றும் கேட்கமுடியாது.

கதாசரித்சாகரத்தில் விக்கிரமன் தோளில் தொங்கும் வேதாளம் ஒரு நிபந்தனை போடுகிறது: விடை தெரிந்தும் சொல்லாதிருந்தால் உன் தலை வெடித்துவிடும். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிவைத்த இந்த நிபந்தனையைப்போல நியாயமான ஒன்றை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் நம் வீடுகளில் அது பலிப்பதில்லை. தெரிந்தவர்கள் சொல்லாமல், தலைக்கு ஒன்றும் நேராமல், நல்லபடியாக எண்பது வயதுவரை வாழ்ந்து போய்விடுகிறார்கள். பெரியம்மாவும் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் வேறு யாரோ துணியை மடித்துக் கையில் கொடுத்துத்தான் இருக்கவேண்டும்.

சென்ற தையில் பெட்டியை இறக்கியது நான்தான்; இப்போது ஊரில் அதைச் செய்ய வேறு ஆளில்லை. கும்பிடும்போதுதான் தோன்றியது: இத்தனை வருஷமும் கன்னி, கன்னி என்றே அழைத்திருக்கிறோம், அவள் பெயர் என்ன? வீட்டிலிருந்த எல்லாரையும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் எரிச்சலோடு, சாமிக்கு எதுக்குடா பேரு என்றான். பழைய பத்திரங்கள் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து சாயங்காலம்வரை தேடினேன். தாத்தாவின் பெயர் ஏழெட்டு இடத்தில் இருந்தது. அவள் பெயர் எதிலும் இல்லை. பெண்பிள்ளையின் பெயரை எழுதவேண்டிய சந்தர்ப்பம் அந்தக் காலத்துப் பத்திரங்களுக்கு அநேகமாக நேர்வதில்லை.

பேய்கள் இல்லை என்பதை நான் நம்புகிறேன். எங்கள் கிணற்றிலிருந்து எந்த ராத்திரியிலும் எண்ணும் சத்தம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். வரும் தையிலும் சிற்றாடை வாங்குவேன். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை வைக்குமுன் அவள் பெயரை இன்னும் யாரிடமாவது கேட்கவேண்டும். தாத்தா தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் பக்கத்து ஊரில் ஒரே ஒருவர்தான். காது கேட்காது. நான்தான் சத்தமாகக் கேட்கவேண்டியிருக்கும்.